மேற்கோள் பட்டியலில் பெண்கள்: ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் துணைநூற்பட்டியலைச் சரிபார்க்க மாணவர்கள் என் மேசைக்கு வருவார்கள். கமா, புள்ளி, ஆண்டு எல்லாம் பார்த்து முடித்தபின், "இதில் பெண்கள் எழுதியது எத்தனை?" என்று கேட்பது என் வழக்கம். பலர் அப்போதுதான் முதல் முறையாக எண்ணிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நடக்கும் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேற்கோள்னா ஒரு அடிக்குறிப்புதானே மேடம், அதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லும் இடம் அது. அந்த அளவோடு நின்றிருந்தால் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருந்திருக்கும். இன்று அதை எண்ணுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் மூன்றுமே ஒருவரின் கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்கு வைத்திருக்கின்றன. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த ஹெச்-இண்டெக்ஸும் இந்த எண்ணிக்கையில் இருந்து பிறப்பதுதான். ஹெச்-இண்டெக்ஸ் 10 என்றால், அவருடைய பத்துக் கட்டுரைகளாவது தலா பத்து முறையாவது மேற்கோளாகியிருக்கின்றன என்று பொருள்.

வேலைக்கான நேர்காணல், ஆராய்ச்சி நிதி, கல்லூரியின் என்ஐஆர்எஃப் தரவரிசை என எல்லா இடத்திலும் இந்த எண் வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் உங்கள் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் இன்னொருவரின் பிழைப்பைத் தொடுகிறது.

ஆண் பெண் வித்தியாசம் நிஜமாவே இருக்கா? எவ்வளவு?

இருக்கிறது. 2013-இல் வின்சென்ட் லாரிவியேர் குழுவினர் நேச்சர் இதழில் ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 2008 முதல் 2012 வரை உலகெங்கும் வந்த ஏறத்தாழ 55 லட்சம் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆசிரியர், அதாவது எழுதியவர்களின் வரிசையில் முதல் பெயர், பெண்ணாக இருந்த ஒவ்வொரு கட்டுரைக்கும், முதல் ஆசிரியர் ஆணாக இருந்தவை கிட்டத்தட்ட இரண்டு. தனியாக எழுதியவர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் போன்ற முக்கிய இடங்களில் பெண் இருந்தால் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் குறைவாகவே கிடைத்தது.

மருத்துவத்தில், 2015 முதல் 2018 வரை முன்னணி இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் ஆசிரியர் ஆண் என்றால் இடைநிலை மேற்கோள் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 54, பெண் என்றால் 36. இரு தரப்பும் அதே பெரிய இதழ்களின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

பெண்கள் குறைவா எழுதுறாங்க, அதனால சைட்டேஷனும் குறைவு. இதுல என்ன அநியாயம்?

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பெண்களின் கட்டுரைகள் ஏன் எண்ணிக்கையில் குறைவு என்பது ஒன்று. எழுதிய கட்டுரைக்கும் ஏன் குறைவான மேற்கோள் என்பது வேறு.

முதலாவதற்கு 2020-இல் வந்த ஒரு ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. 83 நாடுகளைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் முழுப் பணிக்காலத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று பார்த்தால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் எழுதுகிறார்கள். மொத்தத்தில் இடைவெளி வருவதற்குப் பெரிய காரணம், பெண்கள் ஆய்வுத்துறையை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவது. "குறைவாக எழுதுகிறார்கள்" என்பதைவிட "நிலைத்து எழுத முடியாமல் போகிறது" என்பதுதான் சரி. திருமணம், பிரசவம், கணவருக்கு மாற்றலான ஊர் என்று நின்றுபோன ஆய்வேடுகளைப் பற்றி உங்கள் துறையிலேயே விசாரித்துப் பாருங்கள், நான்கைந்து பெயராவது வரும்.

இரண்டாவதற்கு வானியலில் நல்ல உதாரணம் உண்டு. 1950 முதல் 2015 வரை ஐந்து இதழ்களில் வந்த ஏறத்தாழ 1.5 லட்சம் கட்டுரைகளில், ஆண்டு, இதழ், துறைப் பிரிவு, அனுபவம் போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பெண் முதல் ஆசிரியர்களுக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட 10 சதவீதம் அளவுக்கு மேற்கோள் குறைந்திருந்தது. இந்தப் 10 சதவீதத்துக்கு "குறைவாக எழுதினார்கள்" என்பது பதில் ஆகாது.

நான் சோஷியாலஜி. இது சயின்ஸ்காரங்க பிரச்சினைதானே?

இல்லை. பன்னாட்டு உறவுகள் துறையில் 1980 முதல் 2006 வரை 12 இதழ்களில் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள் இதே இடைவெளியைக் கண்டார்கள். பொருளாதாரத்தில் ஹெதர் சார்சன்ஸ் குழுவினர் காட்டியது இன்னும் நுட்பமானது: ஆண்களோடு சேர்ந்து எழுதும் பெண்களுக்கு, அந்தக் கூட்டுக் கட்டுரைக்கான மதிப்பு பணி நிரந்தரத்தின்போது குறைவாகவே கிடைக்கிறது. உழைப்பு ஆணுடையதாக இருக்கும் என்று பார்ப்பவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் சைட் பண்ணும்போது ஆணா பெண்ணான்னு பார்க்கிறதே இல்லையே, அப்புறம் எப்படி?

பார்ப்பதில்லை என்பதை நம்புகிறேன். போன வருடம் ஒரு மாணவி 140 மேற்கோள்களோடு வந்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு, எழுதியவர் யார் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்தோம். மதியம் ஆகிவிட்டது. பெண் முதல் ஆசிரியராக இருந்தவை 17. அவர் எடுத்த தலைப்போ பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் ஊட்டச்சத்துத் துறை. எங்கிருந்து இந்தப் பட்டியல் வந்தது என்று கேட்டேன். பாதி, கைடு கொடுத்த பழைய ஆய்வேட்டில் இருந்து. மீதி, கூகுள் ஸ்காலர் முதல் பக்கத்தில் வந்தவை. அங்கே அதிகம் மேற்கோளானவைதான் பெரும்பாலும் மேலே நிற்கும், மேலே நிற்பவைதான் மேலும் மேற்கோளாகும். அவர் யாரையும் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒரு பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டார்.

நரம்பியலிலும் இதைத்தான் பார்த்தார்கள். 1995 முதல் 2018 வரை ஐந்து முன்னணி இதழ்களில் வந்த 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களை அலசிய ஆய்வு அது. ஆண்கள் முதலும் கடைசியுமாக நிற்கும் கட்டுரைகள், பாலினத்துக்குச் சம்பந்தமே இல்லாதிருந்தால் வந்திருக்க வேண்டியதைவிட அதிகமாக மேற்கோளாயின. இந்தச் சாய்வு பெரும்பாலும் ஆண்கள் தயாரித்த பட்டியல்களில் இருந்தே வந்தது.

மெட்டில்டா எஃபெக்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

இதைச் சொல்ல முதலில் மேத்யூ எஃபெக்டைச் சொல்ல வேண்டும். 1968-இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர், ஏற்கெனவே பேர் பெற்ற விஞ்ஞானிக்கே மேலும் பேர் சேர்கிறது என்பதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். பைபிளில் மத்தேயு நற்செய்தியில் வரும் "உள்ளவனுக்குக் கொடுக்கப்படும்" என்ற வசனத்தில் இருந்து அந்தப் பெயரை வைத்தார். நோபல் விஞ்ஞானிகளிடம் நேர்காணல் எடுத்து அந்தக் கட்டுரைக்கு அடித்தளம் போட்டவர் ஹாரியட் சக்கர்மன். கட்டுரையில் பெயர் மெர்ட்டனுக்கு மட்டும். சக்கர்மனும் கூட்டு ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று 1973-இல் மெர்ட்டனே எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இன்றுவரை அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் "மெர்ட்டன், 1968" என்றுதான் எழுதுகிறார்கள். வேறு வழியும் இல்லை. அச்சில் அப்படித்தானே இருக்கிறது!

அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ரோசிட்டர் 1993-இல், பெண்ணின் பங்களிப்பு ஆணின் கணக்கில் போய்ச் சேர்வதற்கு மெட்டில்டா எஃபெக்ட் என்று பெயர் வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் பெண் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி மெட்டில்டா ஜாஸ்லின் கேஜின் நினைவாக அந்தப் பெயர். அணுக்கருப் பிளவை விளக்கிய லீசே மைட்னரை விட்டுவிட்டு ஓட்டோ ஹானுக்கு மட்டும் 1944-க்கான வேதியியல் நோபல் போனது பலருக்கும் தெரிந்த உதாரணம்.

நம்ம நாட்டுல இப்படி யாராவது?

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலைப் படம் பதிய 15, 20 மணி நேரம் ஆகும், இரவெல்லாம் ஆய்வகத்திலேயே கிடப்பார். 1942 முதல் 1945-க்குள் தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். எம்.எஸ்ஸி பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. அதற்காக அவர் நின்றுவிடவில்லை. பின்னர் வானிலைக் கருவிகளில் நாடே அறிந்த பெயரானார். ஆனாலும் அந்த ஐந்து கட்டுரைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

இன்னொருவர் பிபா சௌத்ரி. கொல்கத்தாவில் டி.எம். போஸோடு சேர்ந்து, மலை உச்சியில் வைத்த புகைப்படத் தகடுகளில் காஸ்மிக் கதிர்களின் தடத்தைப் படித்து, 1940-களின் தொடக்கத்தில் நேச்சரில் மீசான் என்ற நுண்துகள் பற்றி எழுதினார். போர்க்காலம் என்பதால் மேம்பட்ட தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே முறையை நல்ல தகடுகளைக் கொண்டு செய்த செசில் பவலுக்கு 1950-இல் நோபல் கிடைத்தது. இங்கே போஸும் சேர்ந்துதான் விடுபட்டார், ஆகவே பெண் என்பது மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிபாவின் பெயர் 2019-இல் ஒரு நட்சத்திரத்துக்கு வைக்கப்பட்ட பிறகுதான் பலர் காதில் விழுந்தது.

நம்ம பேர்ல இனிஷியல்தானே இருக்கு, படிக்கிறவங்களுக்கு ஆணா பெண்ணான்னே தெரியாதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் மேலை நாட்டு ஆய்வுகள் இதைத் தொடுவதே அபூர்வம். செல்வி என்று ஒரு மாணவி, அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்த்துறைத் துணைநூற்பட்டியலில் அவர் "செல்வி, மு." என்றுதான் வருவார். அவரது பெயர் அவரிடமே இருக்கும். ஆங்கில இதழுக்கு அனுப்பும்போது படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் முருகேசன் என்று நிரப்புகிறார். கட்டுரை வெளியானதும் உலகம் அவரை "முருகேசன் குழுவினர், 2019" என்று மேற்கோள் காட்டுகிறது. ஆராய்ச்சி செய்தவர் செல்வி, அச்சில் நிற்பவர் அவருடைய அப்பா. அன்னா மணியையே எடுத்துக்கொள்ளுங்கள்: "மணி, ஏ., 1944" என்று பார்த்தால் நம்மூரில் யாருக்காவது ஒரு பெண் நினைவுக்கு வருவாரா?

கணக்கெடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். முதல் பெயரை வைத்துத்தான் கணினி ஆணா பெண்ணா என்று ஊகிக்கிறது. வெறும் இனிஷியல் இருந்தால் அந்தக் கட்டுரை கணக்கிலேயே சேராமல் போகலாம். அதனால் முதல் கட்டுரைக்கு முன்பே உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். என் யோசனை: முழுப்பெயரை விரித்து எழுதுங்கள், குடும்பப் பெயர் கட்டத்தில் எதைப் போட்டால் நீங்கள் மேற்கோளாவீர்களோ அதையே போடுங்கள். உங்கள் பெயரையே அந்தக் கட்டத்தில் போட்டு, அப்பா பெயரின் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தணும்னு வீட்ல சொல்றாங்க. மாத்தினா பழைய பேப்பர் என்ன ஆகும்?

ஆதாரில், வங்கியில் என்ன மாற்றினாலும் ஆய்வுப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாற்றினால் ஸ்கோப்பஸ் உங்களை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். ஹெச்-இண்டெக்ஸும் இரண்டாக உடையும். உடனே ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்சிட் எண் வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம், 2012 முதல் இருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் கட்டுரைகள் அந்த எண்ணின் கீழ் ஒன்றாக நிற்கும். ஏற்கெனவே பிரிந்துபோயிருந்தால் ஸ்கோப்பஸிடம் விண்ணப்பித்து இணைக்கலாம், அதற்கு நூலகத்தில் உதவுவோம்.

ரிவ்யூவர்ங்க பெண்கள் பேப்பரை அதிகமா ரிஜெக்ட் பண்றாங்களா?

இதில் அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. 145 இதழ்களை எடுத்துக்கொண்டு 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களும் பதிப்பாசிரியர்களும் பெண்களின் கட்டுரைகளை ஒட்டுமொத்தமாகத் தண்டிப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. நமக்குச் சாதகமில்லாத முடிவு என்று அதை மறைப்பது நேர்மையல்ல.

ஆனால் நிராகரிப்பு மட்டுமே தடை இல்லையே. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் இதழ்களில் 2012 முதல் 2015 வரை மதிப்பீட்டாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 20 சதவீதம்தான். பொருளாதாரத்தில் எரின் ஹெங்கல் செய்த ஆய்வில், பெண்கள் எழுதியவை படிக்க எளிதாக, நன்கு செதுக்கப்பட்டவையாக இருந்தும், மதிப்பீட்டில் அதிகக் காலம் கிடந்தன. கொரோனாவின் முதல் அலையில், 2020 பிப்ரவரி முதல் மே வரை, எல்சேவியர் பதிப்பகத்தின் 2,329 இதழ்களுக்கு வந்த கட்டுரைகளைப் பார்த்தபோது, ஆண்கள் அனுப்பியது அதிகரித்த அளவுக்குப் பெண்கள் அனுப்பியது அதிகரிக்கவில்லை. பள்ளிகள் மூடியிருந்த மாதங்கள் அவை. வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அனுப்பாத கட்டுரையை யாரும் நிராகரிக்க முடியாது.

வேலையெல்லாம் நான் செஞ்சேன், பேரை மூணாவதா போட்டுட்டாங்க. என்ன செய்யலாம்?

உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்க ஆய்வுக் குழுக்களைப் பற்றி 2022-இல் நேச்சரில் வந்த கட்டுரைப்படி, ஒரே குழுவில் வேலை செய்தாலும் கட்டுரையில் பெயர் வரும் வாய்ப்பு பெண்களுக்கு 13 சதவீதம் குறைவு, கண்டுபிடிப்புக்கான காப்புரிமையில் (பேட்டன்ட்) 58 சதவீதம் குறைவு. நான் படித்த காலத்தில், ஒரு முழு கோடை விடுமுறை தரவு சேகரித்துக் கொடுத்த கட்டுரையில் என் பெயர் நன்றியுரையில் வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம்மூரில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான கணக்கில் பெயர் வரிசைக்கு நேரடியாக மதிப்பெண் உண்டு. 2018 யூஜிசி விதிகளின்படி, இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீத மதிப்பெண். இருவருக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழோடு தொடர்புகொள்ளும் கரெஸ்பாண்டிங் ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. ஆகவே பெயர் வரிசையை வேலை தொடங்கும்போதே பேசி, ஒரு மின்னஞ்சலாக எழுதி வைத்துவிடுங்கள். "சார், நாம் பேசியபடி முதல் வரைவை நான் எழுதுகிறேன், முதல் ஆசிரியராக என் பெயர்" என்ற ஒரு வரி போதும். பல இதழ்கள் கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைக் கேட்கின்றன. யார் யோசித்தது, யார் தரவு எடுத்தது, யார் எழுதியது என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அதைக் கவனமாக நிரப்புங்கள், வேறு யாரையும் நிரப்ப விடாதீர்கள்.

ஆண்கள் தங்களையே அதிகமா சைட் பண்ணிக்கிறாங்களாமே? நானும் செய்யலாமா?

1779 முதல் 2011 வரை ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்த் தொகுப்பில் உள்ள 15 லட்சம் கட்டுரைகளில், ஆண்கள் தங்களையே மேற்கோள் காட்டியது பெண்களைவிட 56 சதவீதம் அதிகம். கடைசி இருபது ஆண்டுகளில் அது 70 சதவீதம். ஆனால் 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, முன்பு எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது என்கிறது. நிறைய எழுதியவரிடம் காட்ட நிறைய இருக்கிறது. பணிக்காலம் பற்றி முன்பு சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

நீங்கள் செய்யலாம். உங்கள் முந்தைய கட்டுரை இந்த வாதத்துக்குத் தேவை என்றால் கூச்சப்படாமல் போடுங்கள். தேவையில்லாமல் நுழைப்பது மட்டும்தான் தவறு.

அப்போ பெண்ங்கிறதுக்காகவே சைட் பண்ணச் சொல்றீங்களா? தரம் என்ன ஆகும்?

இல்லை, தேடச் சொல்கிறேன். அந்த ஊட்டச்சத்து மாணவி 17-ஐ 70 ஆக்கவில்லை. ஒரு வாரம் தேடிவிட்டு 11 கட்டுரைகளைச் சேர்த்தார், ஐந்தை நீக்கினார். சேர்த்ததில் ஒன்று, அவர் எடுத்த அதே மாவட்டத்தில் அதே கேள்வியை அவருக்கு முன்பே கேட்ட ஒரு பெண்ணின் கட்டுரை. அது இல்லாமல் வைவாவுக்குப் போயிருந்தால் அவருக்குத்தான் சங்கடம்.

பெண்கள் நிறைய வந்துட்டாங்களே, காலப்போக்குல தானா சரியாகிடாதா?

நரம்பியல் ஆய்வைச் சொன்னேன் அல்லவா, அதில் எனக்கு அதிர்ச்சி தந்த பகுதி இதுதான்: துறையில் பெண்கள் பெருகப் பெருக, மேற்கோளில் உள்ள சாய்வு கூடிக்கொண்டே போனது. எழுதுபவர்கள் மாறினார்கள், பட்டியல்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. 2018-இல் டோனா ஸ்ட்ரிக்லண்ட் இயற்பியல் நோபல் வாங்கிய அன்று அவருக்கு விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. அதே ஆண்டு ஒருவர் எழுதி அனுப்பிய வரைவை, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பியிருந்தார்கள்.

அடுத்த மாசம் சப்மிஷன் மேடம், நேரமே இல்லை. குறைஞ்சபட்சம் எதைச் செய்யட்டும்?

ஒரு மாலை போதும். பட்டியலை அச்செடுங்கள். முதல் ஆசிரியர் யார் என்று தெரியாத பெயர்களை அவர்களின் துறைப் பக்கத்தில் பாருங்கள். பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், முருகேசன் செல்வியாக இருக்கலாம். பிறகு உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் இடம் அது. அதில் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் கூகுள் ஸ்காலரில் மூன்றாம் பக்கம் வரை போங்கள், ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளையும் பாருங்கள். பக்கத்து ஊரில் ஒரு பெண் எழுதி, யாரும் திறக்காமல் கிடக்கும் ஆய்வேடு அங்கேதான் கிடைக்கும்.